லேசாத்தாண்ணே, வாசத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் ஊர் ஊராகப் போய் உணவகங்களை அறிமுகப்படுத்தும் பக்கத்தை விடாமல் படிப்பவன் நான். எந்தத் தெருவில் இட்லி நன்றாக இருக்கும், எங்கே அடை மொறுமொறுப்பாக வரும் என்பதை அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் படித்து முடித்ததும் எனக்கு ஒரு கேள்வி மிச்சமிருக்கும். அந்தச் சாம்பாரில் கடைசியில் நெய் விடுகிறார்களா, இல்லையா? இந்தக் கடிதம் அந்தக் கேள்வியைப் பற்றியதுதான். கொஞ்சம் நீளமாகிவிட்டது. சுருக்கிப் போட்டாலும் சரி, போட்டால் போதும்.

நான் கரூரில் இருக்கிறேன். வயது 47. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் ஓடும் தையல் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. திருப்பூர், ஈரோடு, சேலம், திண்டுக்கல், மதுரை, ராஜபாளையம் என்று மாதத்தில் 15 நாளாவது வெளியூர்தான். அந்த நாட்களில் மூன்று வேளையும் ஓட்டல். ஆசைக்குப் போய்ச் சாப்பிடுகிறவன் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடலாம். மதியம் இரண்டு மணிக்கு ஒரு கம்பெனியை முடித்துவிட்டு மூன்று மணிக்கு இன்னொரு கம்பெனியில் நிற்க வேண்டியவனுக்கு அந்த வசதி கிடையாது.

ஆறு வருடங்களாக நான் வீகன். இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்லாமல் பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், பன்னீர், தேன் எதையும் சாப்பிடுவதில்லை. விலங்கிடமிருந்து வருவது எதுவும் என் இலையில் வேண்டாம், அவ்வளவுதான். 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பவரும் அவருடைய நண்பர்கள் சிலரும் சைவச் சங்கத்திலிருந்து தனியே வந்து வைத்த பெயர் இது. தமிழில் நனிசைவம் என்று அழகாக ஒரு சொல் ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் ஓட்டலில் உட்கார்ந்து வீகன் என்றாலும் புரிவதில்லை, நனிசைவம் என்றாலும் புரிவதில்லை. அதனால் நான் இரண்டையும் சொல்வதில்லை. ‘பால், தயிர், மோர், வெண்ணெய், நெய் எதுவும் படக்கூடாது’ என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுவேன்.

அப்படிச் சொல்லியும் நடப்பதுதான் என் குறை.

போன மாதம் மதுரையில் ஒரு சைவ ஓட்டல். பேரை எழுத விரும்பவில்லை, நல்ல ஓட்டல்தான், கூட்டமும் நிறைய. காலை எட்டு மணி. பொடி தோசை கேட்டேன். நெய் வேண்டாம், வெண்ணெய் வேண்டாம், நல்லெண்ணெய் மட்டும் விடச் சொல்லுங்கள் என்று சப்ளையர் தம்பியிடம் இரண்டு முறை சொன்னேன். அவரும் ‘சரிண்ணே’ என்று தலையாட்டிவிட்டுப் போனார். தோசை வந்தது. மேசைக்கு வருவதற்கு முன்பே நெய் வாசம் வந்துவிட்டது. கேட்டேன். ‘லேசாத்தாண்ணே, வாசத்துக்கு’ என்றார்.

அந்தத் தம்பி கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நான் ஏதோ கொலஸ்ட்ராலுக்காகச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். ஒரு துளியில் உடம்புக்கு ஒன்றும் ஆகிவிடாது, பாவம் மனிதர் ருசியில்லாமல் சாப்பிடுகிறாரே என்று மாஸ்டர் இரக்கப்பட்டுக்கூட விட்டிருக்கலாம். வேறு தோசை தாருங்கள், இதற்கும் சேர்த்துப் பணம் தருகிறேன் என்றேன். சத்தம் கேட்டுக் கல்லாவிலிருந்து முதலாளியே எழுந்து வந்தார். ‘நெய் சைவம்தானே சார்? சாமிக்கே அதுலதான் விளக்கேத்துறோம். இதுல என்ன இருக்கு?’ என்றார். பக்கத்து மேசைக்காரர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வேறு தோசை வந்தது. அதே கல், அதே தோசைத் திருப்பி. சாப்பிடாமலேயே காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, பெட்டிக்கடையில் இரண்டு வாழைப்பழம் வாங்கித் தின்றுவிட்டு வேலைக்குப் போனேன்.

அந்த முதலாளி கேட்டதற்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நின்று பேச நேரமில்லை, மனமும் இல்லை. இங்கே சொல்கிறேன்.

எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம். அப்பா இரண்டு மாடு வைத்திருந்தார். விடியற்காலையில் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுவோம். என் பள்ளிக்கூட நோட்டு, பேனா, தீபாவளிச் சட்டை எல்லாம் அந்தப் பால் காசில் வந்தவை. அதனால் மாடு வளர்ப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது செவலை மாடு ஈன்ற கன்று மூன்றாம் வாரமே செத்துப்போனது. கன்று முட்டாமல் மாடு சுரப்பு விடாது. அப்பா ஆள் கூப்பிட்டுக் கன்றின் தோலை உரித்து, அதற்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்தார். நான்கு குச்சிகள்தான் கால்கள். கறக்கும் நேரத்தில் அதை மாட்டின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். மாடு அதை நக்கும். நக்க நக்கச் சுரப்பு விடும். அப்பா கறப்பார். கறந்து முடித்ததும் அந்த வைக்கோல் கன்றைத் தூக்கித் தாழ்வாரத்து விட்டத்தில் மாட்டிவிடுவார்கள். மாடு அதையே பார்த்துக்கொண்டு நிற்கும். அதைத் தூக்கிக்கொண்டு போய் நிறுத்துகிற வேலை சில நாட்கள் என்னிடமும் இருந்தது.

ஊரில் எல்லோரும் செய்ததுதான். அப்பா கொடுமைக்காரர் இல்லை. அந்த மாடு கிழடான பிறகு சந்தைக்குப் போன அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. ஆனால் எனக்குள் அது அப்படியே தங்கிவிட்டது. 41 வயதில் ஒருநாள் காலையில் காபித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, இனி வேண்டாம் என்று தோன்றியது. விட்டுவிட்டேன். சாமிக்கு நெய் விளக்கேற்றுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ‘லேசாத்தான்’ என்று ஒருவர் சொல்லும்போது எனக்கு அந்தத் தாழ்வாரத்து விட்டம் ஞாபகம் வருகிறது. லேசாக என்று அதில் எதுவும் இல்லை.

பாலை விட்டால் உடம்பு என்ன ஆகும் என்று பலர் அக்கறையாகக் கேட்கிறார்கள். பி12 மாத்திரை எடுத்துக்கொள்கிறேன், வருடத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்க்கிறேன், நன்றாக இருக்கிறேன். இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம் என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1912-இல் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோதே காந்தி பாலை விட்டவர். 1918-இல் சாகக் கிடந்த நிலையில் கஸ்தூர்பாவின் பேச்சைக் கேட்டு ஆட்டுப்பால் குடித்தார். அது தன் மனதை உறுத்திக்கொண்டே இருப்பதாகப் பின்னாளில் எழுதினார். அந்த உறுத்தலை நான் புரிந்துகொள்கிறேன்.

சரி, ஓட்டலுக்கு வருகிறேன்.

நம்மூர் ஓட்டல்களில் எனக்குச் சாப்பாடே இல்லை என்று நான் சொல்லவில்லை. உலகத்தில் எங்கேயாவது ஒரு வீகன் பட்டினி கிடக்காமல் ஊர் சுற்ற முடியும் என்றால் அது தமிழ்நாடாகத்தான் இருக்கும். இட்லியில் பால் இல்லை. உளுந்து வடையில் இல்லை. இடியாப்பம், ஆப்பம், புட்டு, புளியோதரை, எலுமிச்சை சாதம், வத்தக்குழம்பு, கீரை மசியல், சுண்டல் எதிலும் பால் வேண்டியதில்லை. கொங்குப் பக்கம் சந்தகைக்குத் தேங்காய்ப்பால். மதுரையில் சாயங்காலம் தள்ளுவண்டியில் விற்கிற பருத்திப்பால், பருத்தி விதையை அரைத்து எடுத்த பாலில் கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் போட்டுக் காய்ச்சுவது. சேலத்துத் தட்டுவடை செட், எங்கள் கரூர்க் கரம், கோவில்பட்டிக் கடலைமிட்டாய், தேங்காய்ப்பாலில் கிண்டும் முதலூர் மஸ்கோத் அல்வா. இவற்றைச் செய்தவர்கள் யாரும் வீகன் என்ற சொல்லைக் கேள்விப்பட்டவர்கள் இல்லை. நல்லெண்ணெயும் கடலெண்ணெயும் தேங்காயுமே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

பால் எங்கே வந்து சேர்கிறது என்றால், பெரும்பாலும் கடைசி நிமிடத்தில். ரசத்தை நெய்யில் தாளிப்பார்கள். கூட்டு கெட்டியாகிவிட்டால் அரை தம்ளர் பாலை ஊற்றி இளக்குவார்கள். வெள்ளைக் குருமாவில் முந்திரி விலை கட்டுப்படியாகாமல் தயிரைக் கலப்பார்கள். ரவா தோசை மாவு புளிப்பதற்கு மோர் விடுவார்கள். மைசூர் போண்டாவுக்குத் தயிர். சப்பாத்தியும் பரோட்டாவும் மெதுவாக வரவேண்டும் என்று மாவு பிசையும்போதே பால். சில இடங்களில் தேங்காய்ச் சட்னியிலும் வெள்ளையாகத் தெரிய ஒரு கரண்டி தயிர். மீல்ஸில் வைக்கிற மிளகாய் வற்றலை எண்ணெயில் பொரித்ததுதானே என்று இரண்டு வருடம் நம்பித் தின்றேன். மோர் மிளகாய் என்று பேரிலேயே இருக்கிறது, எனக்கு உறைக்கவில்லை.

இதில் எதுவும் மெனு கார்டில் இருக்காது. சப்ளையருக்கும் தெரியாது. சேலத்தில் ஒருமுறை குருமாவில் தயிர் உண்டா என்று கேட்டேன். ‘இல்லைங்க சார், வெறும் தேங்காய்தான்’ என்று உறுதியாகச் சொன்னார்கள். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்திலேயே சமையலறைக் கதவு. மாஸ்டர் அடுத்த ஈட்டுக் குருமாவில் தயிர் பாக்கெட்டைக் கத்தரித்து ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தச் சப்ளையர் பொய் சொல்லவில்லை. அவர் உள்ளே போய்ப் பார்த்தவர் இல்லை. கேட்டு வந்து சொல்கிறேன் என்று போகவும் அவருக்கு நேரம் கொடுக்கவில்லை, பத்து மேசையை ஒருவரே பார்க்கிறார்.

இன்னொரு சிக்கல் ‘பால்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. ஈரோட்டில் ஆப்பம் கேட்டேன். பால் வேண்டாம் என்றும் சொன்னேன். வெறும் ஆப்பத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ‘நீங்கதானே பால் வேண்டாமுன்னீங்க’ என்றார். அது தேங்காய்ப்பாலாக இருந்திருந்தால் ஆசையாகச் சாப்பிட்டிருப்பேன். வேறொரு ஊரில் தேங்காய்ப்பால்தானே என்று வாங்கி ஊற்றிக்கொண்டு முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது, பாதிக்குப் பாதி பசும்பால். தேங்காய் விலை ஏறிப்போச்சு என்றார்கள். ஏறட்டும். பலகையில் ‘தேங்காய்ப்பால்’ என்று எழுதிவிட்டு அப்படிச் செய்யலாமா?

சைவ ஓட்டலைவிட அசைவ மெஸ்ஸில் பால் குறைவு என்பதையும் நான் அலைந்துதான் தெரிந்துகொண்டேன். என்னோடு வேலைக்கு வரும் பையன்கள் அங்கேதான் போவார்கள். அங்கே சோறு, கீரை, பொரியல், ரசம் எல்லாம் எண்ணெயில் முடிந்துவிடும். நெய் என்ற பேச்சே கிடையாது. ஆனால் கறிக்குழம்புக் கரண்டி எப்போது ரசத்துக்குள் போகும் என்று தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட முடிவதில்லை. உண்மையில் எனக்கு நிம்மதி தரும் இடம் டீக்கடைதான். வரக்காப்பி என்றால் எந்த ஊர் டீ மாஸ்டருக்கும் புரிகிறது. ஏன், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. சுக்குக் காபிக்காரரிடம் பேசவே வேண்டியதில்லை.

மற்ற இடங்களுக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். கரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டிடிபி கடையில் விசிட்டிங் கார்டு அளவில் நூறு அட்டை அடித்து வைத்திருக்கிறேன். ‘மாஸ்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்குப் பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், பன்னீர் சேர்ந்தது எதுவும் ஆகாது. எண்ணெயில் தாளித்தது போதும். தேங்காய்ப்பால் சாப்பிடுவேன். இன்று எதைச் சாப்பிடலாம் என்று சொல்லுங்கள்’ என்று இருக்கும். இப்போது பல ஓட்டல்களில் பரிமாறுபவர்களும் கல்லில் நிற்பவர்களும் பீகார், ஒடிசா, அசாம் பக்கத்துத் தம்பிகள். அவர்களுக்காக அட்டையின் பின்பக்கம் தூத், தஹி, மக்கன், கீ எதுவும் வேண்டாம் என்று திருப்பூரில் ஒரு சூப்பர்வைசரிடம் கேட்டு இந்தியிலும் அடித்திருக்கிறேன். இந்த அட்டை உள்ளே போனால் பாதி இடங்களில் மாஸ்டரே வெளியே வந்துவிடுகிறார். அவர் வந்தால் கவலை விட்டது. எதில் என்ன இருக்கிறது என்று விரல் விட்டுச் சொல்வார். சிலர் தனியாக ஒரு கரண்டி சாம்பாரை நெய் விடுவதற்கு முன்பே எடுத்து வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மாஸ்டர்களுக்கு இந்தக் கடிதம் மூலம் நன்றி சொல்கிறேன்.

ஆக, சமையலறைக்குள் இருப்பவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அது மேசைக்கு வந்து சேரவில்லை. இதைத்தான் நான் உங்கள் மூலம் கேட்கிறேன். எனக்கென்று தனிச் சமையல் வேண்டாம். சோயா பன்னீரும் பாதாம் பாலும் கொண்டுவந்து வைக்கச் சொல்லவில்லை. பொங்கலில் நெய் விடாதீர்கள் என்றும் சொல்லமாட்டேன், அது அதன் ருசி. எதில் பால் சேர்ந்திருக்கிறது என்பதை எழுதி வையுங்கள். அவ்வளவுதான்.

இது புதிதாகக் கேட்கும் சலுகையும் அல்ல. 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்கள் ஒவ்வொரு பண்டத்துக்கும் எத்தனை கலோரி என்று மெனுவில் போட வேண்டும், ஒவ்வாமை தரக்கூடிய பொருட்கள் எவை என்றும் தெரிவிக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி இருக்கிறது. 2022 ஜூலை முதல் அது நடைமுறையில் உள்ளது. அந்த ஒவ்வாமைப் பட்டியலில் நிலக்கடலை, முட்டை, மீன், சோயா இவற்றோடு பாலும் இருக்கிறது. என் மகளின் பிறந்தநாளுக்குத் திருச்சியில் அப்படி ஒரு பெரிய கிளை உணவகத்துக்குப் போனோம். வீட்டில் மனைவியும் மகளும் பால் சாப்பிடுகிறவர்கள்தான், நான் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஓட்டலுக்குப் போனால் நான் சப்ளையரிடம் விசாரித்துக்கொண்டிருக்கும் அந்த ஐந்து நிமிடம் மகளுக்குச் சங்கடமாக இருக்கும். தலையைக் குனிந்துகொண்டு செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அன்று மெனுவில் ஒவ்வொரு வரிக்கும் கீழே பால் உண்டா இல்லையா என்று சின்ன எழுத்தில் இருந்தது. நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. விரலை வைத்து இது, இது என்று சொன்னேன். ‘என்னப்பா, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?’ என்றாள் மகள். எத்தனையோ நாளுக்குப் பிறகு நாங்கள் மூவரும் பேசிக்கொண்டே சாப்பிட்டோம்.

ஆனால் நான் மாதம் 15 நாள் சாப்பிடுவது கிளை உணவகங்களில் இல்லை. பஸ் நிலையத்துக்கு எதிரில், பைபாஸ் ஓரத்தில், கம்பெனி வாசலில் இருக்கிற ஒற்றைக் கடைகளில். அவற்றுக்கு அந்த விதி கிடையாது. பச்சைப் புள்ளி போட்ட பாக்கெட்டைப் பார்த்து வாங்குவதும் எனக்கு உதவாது, ஏனென்றால் அந்தப் புள்ளியின் கணக்கில் பாலும் தேனும் சைவம். வீகன் உணவுக்கென்று தனி விதிகள் 2022-இல் வந்தன. பச்சை நிறத்தில் ஆங்கில ‘வி’ எழுத்து, அதன் மேல் ஒரு சின்னச் செடி, அதுதான் சின்னம். கடையில் விற்கும் பொட்டலங்களில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணில் படுகிறது. இலையில் பரிமாறும் கூட்டுக்கும் ரசத்துக்கும் அதை எங்கே ஒட்டுவது?

ஓட்டல்காரர்களுக்கு இது முடியாத காரியமும் அல்ல. கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்களுக்குத் தனிச் சமையல் என்று போர்டு தொங்குகிறது. மாலை போட்டவர் வந்து உட்கார்ந்தால் பாத்திரம் முதல் கரண்டி வரை தனியாக எடுக்கிறார்கள். ‘லேசாத்தான் சாமி’ என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை. புரட்டாசியில் அசைவ ஓட்டல்களே சைவத்துக்கு மாறிக் காட்டுகின்றன. வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லாத ஜெயின் உணவு என்று பல ஊர் மெனு கார்டில் தனிப் பத்தியே இருக்கிறது. நான் வேண்டாம் என்று சொன்னால், நீங்கள் மாலை போட்டிருக்கிறீர்களா, ஜெயினா, டாக்டர் சொன்னாரா என்று கேட்கிறார்கள். இந்த மூன்றில் ஒன்றுக்கு ஆமாம் என்று சொன்னால் உடனே ஏற்பாடு நடக்கும் என்று எனக்குத் தெரியும். சிலர் அப்படிச் சொல்லிச் சமாளிக்கச் சொல்லி யோசனையும் கொடுத்தார்கள். எனக்குப் பொய் சொல்லி ஒரு தோசை வாங்க மனம் வரவில்லை. மாட்டை நினைத்து வேண்டாம் என்பதும் மதிக்கத் தக்க காரணம்தானே?

அப்புறம், இது என் ஒருவனுக்காக மட்டும் இல்லை. பால் குடித்தால் வயிறு உப்பி அவதிப்படுகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு ஒரு துளியே ஆபத்தாக முடியலாம். அந்தத் தாய்மார்கள் வெளியே போய்ச் சாப்பிடவே பயப்படுகிறார்கள். என் மாமியாருக்கு இதய டாக்டர் நெய்யைச் சுத்தமாக நிறுத்தச் சொல்லியிருக்கிறார். அவர் பாலுக்கும் தயிருக்கும் எதிரி இல்லை, இருந்தாலும் ஓட்டலில் அவருக்கும் கிடைப்பது அதே பதில்தான்: ‘லேசாத்தாம்மா.’ செல்போன் செயலியில் ஆர்டர் போடும்போது குறிப்பு எழுத ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். நெய் வேண்டாம் என்று எழுதி அனுப்பிய பார்சலைத் திறந்தால் இட்லியின் மேலேயே நெய் மினுமினுக்கும். திருப்பி அனுப்பினால் பணம் வருகிறது. சாப்பாடு குப்பைக்குப் போகிறது. ஒருவர் உழைத்துச் சமைத்தது.

ஓட்டல் உரிமையாளர் சங்கங்களும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலர்களும் சேர்ந்து உட்கார்ந்தால் இதை ஒரே கூட்டத்தில் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். கலோரிக் கணக்குப் போடச் சொன்னால் சின்னக் கடைக்காரரால் முடியாது, ஆய்வகத்துக்கு அனுப்ப அவரிடம் காசில்லை. பால் சேர்த்தேனா இல்லையா என்பதற்கு ஆய்வகம் வேண்டாம். சேர்த்தவருக்கே தெரியும். உங்கள் ஞாயிறு பக்கத்தில் எழுதுகிற நிருபர்களிடமும் ஒரு வேண்டுகோள். ருசியைப் பற்றி எழுதும்போது எதில் தாளிக்கிறார்கள் என்றும் ஒரு வரி கேட்டு எழுதுங்கள். அந்த ஒரு வரியைத் தேடித்தான் என்னைப் போன்றவர்கள் அந்தப் பக்கத்தைப் படிக்கிறோம்.

தாராபுரத்தில் நான் வாரம் ஒருமுறை சாப்பிடும் சின்ன மெஸ் ஒன்று இருக்கிறது. நான்கே மேசை. அக்காவும் அவர் வீட்டுக்காரரும் மட்டும்தான். முதல்முறை என் அட்டையைக் கொடுத்தபோது அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தார். ‘ஏனுங் தம்பி, தயிரும் இல்லாமயா சோத்த முடிப்பீங்க?’ என்று கேட்டார். வைக்கோல் கன்றைப் பற்றிச் சொன்னேன். அவர் வீட்டிலும் அந்தக் காலத்தில் இருந்ததாம். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரம் போனால் சாப்பாட்டு விவரம் எழுதும் கரும்பலகையில் சில பேர்களுக்குப் பக்கத்தில் ‘பா’ என்று சாக்பீஸில் எழுதியிருந்தது. பால், தயிர், நெய் எது சேர்ந்தாலும் ‘பா’. நான் வரும் நாளில் மட்டுமில்லை, தினமும் எழுதுகிறார். நான் வராத நாளில் எதற்கு அக்கா என்றேன். ‘எழுதிப் பழகீட்டனுங்’ என்றார்.

போன செவ்வாய்க்கிழமை சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், முருங்கைக்கீரை, பீட்ரூட் பொரியல் என்று வரிசையாக எழுதியிருந்தது. அவியலுக்கும் மோர்க்குழம்புக்கும் மட்டும் ‘பா’. எதிர் மேசையில் லாரி டிரைவர் ஒருவர், வயது அறுபது இருக்கும், அது என்னவென்று கேட்டார். அக்கா சொன்னார். அவர் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தார். ‘எனக்குப் பால் சேர்ந்தா ராத்திரி வண்டி ஓட்ட முடியாது தாயி, வயிறு புரட்டிடும். எங்க போனாலும் கேட்கக் கூச்சம்’ என்றார். பிறகு அவியலைத் தள்ளி வைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கரூர்.